பூஜ்ஜியம் தரும் பாதுகாப்பு

2016 மே 19 அன்று சட்டமன்றத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டபோது கடலூர் மாவட்டத்துக்குள்ளும் அதன் எல்லையிலுமாக நான்கு கட்சித் தலைவர்கள் ஒரே நாளில் தோற்றார்கள். கடலூரில் நாம் தமிழர் கட்சியின் சீமான், நெய்வேலியில் தமிழக வாழ்வுரிமைக் கட்சியின் வேல்முருகன், காட்டுமன்னார்கோயிலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன், பக்கத்து உளுந்தூர்பேட்டையில் தே.மு.தி.க.வின் விஜயகாந்த். இவர்களில் சீமானும் விஜயகாந்தும் டெபாசிட்டையும் இழந்தார்கள். சிதம்பரத்தில் அதுவரை எம்.எல்.ஏ.வாக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலகிருஷ்ணனும் தோற்றார். சற்றுத் தள்ளி, தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில், பா.ம.க.வின் முதல்வர் வேட்பாளர் அன்புமணி ராமதாஸ் தோற்றார். இந்த ஆறு பேரின் கட்சிகளுக்கும் அந்தத் தேர்தலில் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால், அந்தத் தோல்விக்காக ஒருவரும் பதவி இழக்கவில்லை. விஜயகாந்த் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்புவரை, அதாவது 2023 டிசம்பர்வரை, பொதுச்செயலாளராகவே இருந்தார். பாலகிருஷ்ணன் 2018-இல் தன் கட்சியின் மாநிலச் செயலாளரானார். அன்புமணி 2022-இல் கட்சித் தலைவரானார். மற்ற மூவரும் அவரவர் நாற்காலியிலேயே தொடர்ந்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று. தமிழர்களின் தலைவர் வழிபாடு, சாதிப் பிடிப்பு, குடும்ப அரசியல். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் இந்த ஊரில் தடுக்கி விழுகின்றன. பா.ம.க.வும் வி.சி.க.வும் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் எதிரெதிர்த் தெருக்களில் வேரூன்றியவை. 1999 நாடாளுமன்றத் தேர்தலின்போது சிதம்பரம் தொகுதியில் சேரிகள் தாக்கப்பட்டதை இரு தரப்பும் இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட இரு கட்சிகளும் தோல்விக்குப் பின் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றால் அதைச் சாதியின் குணம் என்று எப்படிச் சொல்வது? குடும்பம் என்றால், திருமாவளவனுக்கு அரசியல் வாரிசு என்று யாரும் இல்லை. வழிபாடு என்றால், விஜயகாந்த் கட்சியின் வாக்கு விகிதம் 2011-க்கும் 2016-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனதே, வழிபட்டவர்கள் எங்கே போனார்கள்? வாக்காளர் கைவிடலாம், கட்சி கைவிடாது என்பதுதான் இங்கே விளக்கப்பட வேண்டிய விஷயம். என் வாதம் இது: இந்தப் பகுதிக் கட்சிகளில் தலைமை தோல்வியைத் தாண்டி நிலைப்பதற்குத் தோல்வியின் அளவே காரணம். தோல்வி எவ்வளவு பெரிதோ, தலைவரைக் கேள்வி கேட்கும் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கை அவ்வளவு குறைகிறது. முழுத் தோல்வியில் அது பூஜ்ஜியமாகிவிடுகிறது.

முதலில், தொண்டர்கள் ஏன் கோபப்படுவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். பா.ம.க.வின் கணக்கு இதற்கு நல்ல சான்று. 1989-இல் தொடங்கப்பட்ட அந்தக் கட்சி 1991 சட்டமன்றத் தேர்தலில் பெரிய கட்சிகள் எவற்றோடும் சேராமல் நின்று 5.9 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்தது ஓர் இடம், அதுவும் இந்த மாவட்டத்துப் பண்ருட்டி. கால் நூற்றாண்டு கழித்து 2016-இல் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 5.3 சதவீதம் வாங்கியது. ஓர் இடமும் இல்லை. இடைப்பட்ட காலத்தில், 2001-இல் அ.தி.மு.க. அணியில் 27 இடங்களில் நின்று 20-ஐ வென்றது. 2006-இல் தி.மு.க. அணியில் 31-இல் 18. 2011-இல் அதே தி.மு.க. அணியில் 30-இல் வெறும் 3. கூட்டணியில் நிற்கும்போது கிடைக்கும் சதவீதத்தில் கூட்டாளிகளின் வாக்கும் கலந்திருக்கும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு, தனித்து நின்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தாலே போதும். 25 ஆண்டுகளில் சொந்த வாக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே வாக்கு ஒருமுறை 20 எம்.எல்.ஏ.க்களாகவும் ஒருமுறை ஒன்றுமில்லாமலும் மாறுகிறது. விருத்தாசலத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ இருக்கும் ஓர் ஒன்றியச் செயலாளர் இதைப் பார்த்து, “நம்ம ஓட்டு நம்மகிட்டதான் இருக்கு, கூட்டணிதான் கவுத்துடுச்சு” என்று சொன்னால் அது சால்ஜாப்பு அல்ல, கணக்கு.

சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறும் இதையே சொல்கிறது. புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் ஆகிய மூன்றும் இந்த மாவட்டத்திலிருந்தும், அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய மூன்றும் மேற்கிலிருந்தும் சேர்ந்த தனித்தொகுதி அது. 1999-இல் பா.ம.க.வின் பொன்னுசாமியிடம் திருமாவளவன் தோற்றார். 2004-இல் அவரிடமே மறுபடியும் தோற்றார். 2009-இல் தி.மு.க. அணியில் நின்று அதே பொன்னுசாமியை 99,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். 2014-இல் அ.தி.மு.க.வின் சந்திரகாசியிடம் 1,28,000-க்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2019-இல் நள்ளிரவைத் தாண்டி நீண்ட எண்ணிக்கைக்குப் பிறகு 3,219 வாக்குகளில் வென்றார். 2024-இல் ஒரு லட்சத்துக்கு மேல். ஆள் ஒருவர், தொகுதி ஒன்று, பேச்சும் பெரும்பாலும் ஒன்றே. மாறியதெல்லாம் அணிகளின் சேர்க்கையும் மாநிலத்தில் வீசிய காற்றும். இந்த வரிசையைப் படித்துவிட்டு 2014 தோல்வி திருமாவளவனின் தலைமைக்குக் கிடைத்த தீர்ப்பு என்று யாராலும் நாணயமாக வாதிட முடியாது. 2009 வெற்றி அவருடைய தலைமைக்குக் கிடைத்த பாராட்டு என்றும் சொல்ல முடியாதுதான். அதைக் கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு.

இங்கேதான் வாதம் திரும்புகிறது. இடங்களைத் தீர்மானிப்பது கூட்டணி என்றால், கூட்டணியைத் தீர்மானிப்பது யார்? தேர்தலுக்குச் சில மாதம் முன்பு கூடும் செயற்குழுவோ பொதுக்குழுவோ நிறைவேற்றும் தீர்மானங்களில் ஏறத்தாழ எல்லாக் கட்சிகளிலும் தவறாமல் இடம்பெறும் ஒன்று, கூட்டணி குறித்து முடிவெடுக்கும் முழு அதிகாரத்தையும் தலைவருக்கு வழங்குவது. நிறுவனருக்கு, பொதுச்செயலாளருக்கு என்று பெயர் மாறும், வாசகம் மாறாது. கைதட்டலோடு நிறைவேறும் அந்த ஒற்றைத் தீர்மானத்தில், இட எண்ணிக்கையைத் தீர்மானிக்கிற ஒரே முடிவைப் பொதுக்குழு தன் கையைவிட்டு விடுகிறது. அப்படியானால் தோல்வி கூட்டணியால் வந்தது என்று சொல்லும் தொண்டர், அதை அறியாமலே, தோல்வி தலைவரின் முடிவால் வந்தது என்றுதான் சொல்கிறார். 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் வாங்கியது 48,363, அ.தி.மு.க.வின் முருகுமாறன் வாங்கியது 48,450. வித்தியாசம் 87. தி.மு.க. அணியின் சார்பில் காங்கிரஸ் வேட்பாளர் தனியே நின்றிருந்தார். தி.மு.க.வோடு போகாமல் வைகோ, இடதுசாரிகள், விஜயகாந்த் ஆகியோரோடு மக்கள் நலக் கூட்டணியில் நிற்பது என்பது வி.சி.க. தலைமை எடுத்த முடிவு. அதற்கு நியாயமும் இருந்தது: கூட்டணி ஆட்சி, அதிகாரத்தில் பங்கு என்ற கோரிக்கையைத் தமிழக அரசியலில் உரக்கப் பேசிய அணி அது. முடிவு சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. 25 இடங்களில் நின்று 25-ஐயும் இழந்த பிறகு அந்த முடிவைக் கட்சிக்குள் எந்த அவையில் யார் விவாதித்திருக்க முடியும் என்பதுதான் பேச்சு.

தலைவரைக் கேள்வி கேட்க ஒருவருக்கு அந்தத் தலைவரிடமிருந்து வராத ஒரு பலம் வேண்டும். பிரிட்டனில் தோற்ற தலைவர்கள் மறுநாளே விலகுவதைக் கண்டு நாம் வியக்கிறோம். 2015-இல் எட் மிலிபாண்ட் அப்படித்தான் போனார். அது பண்பாட்டின் உயர்வு என்று நினைப்பது பாதிதான் சரி. தோற்ற பிறகும் அங்கே நூற்றுக்கணக்கான எம்.பி.க்கள் மிஞ்சுகிறார்கள். அவரவர் தொகுதியில் சொந்தமாக வென்ற அவர்களுக்கு, தலைவர் போனால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம் கிடையாது. இங்கே எம்.எல்.ஏ.க்கள் இருந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால் அதே விதி வேலை செய்வது தெரியும். 2011-இல் அ.தி.மு.க. அணியில் 41 இடங்களில் நின்று 29-ஐ வென்ற தே.மு.தி.க.வின் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். இந்த மாவட்டத்தில் விருத்தாசலமும் பண்ருட்டியும் அவர்கள் கையில். அடுத்த ஐந்து ஆண்டுகளில் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக விலகி அ.தி.மு.க. பக்கம் சாய்ந்தார்கள், 2016 பிப்ரவரியில் பலர் பதவி விலகியதால் எதிர்க்கட்சித் தலைவர் தகுதியே போனது, ஏப்ரலில் கூட்டணி முடிவை எதிர்த்துச் சந்திரகுமார் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கலகம் செய்தார்கள். கட்சி வலுவாக இருந்தபோதுதான் இவ்வளவும். 104 இடங்களில் நின்று 2.4 சதவீதத்தோடு பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு ஒரு முணுமுணுப்பும் இல்லை. முணுமுணுக்க ஆள் இருந்தால்தானே? 2021-இல் பிரேமலதா விஜயகாந்த், தன் கணவர் 2006-இல் கட்சியின் முதல் இடத்தை வென்ற அதே விருத்தாசலத்தில் நின்று டெபாசிட் இழந்தார். மாநில அளவில் கட்சியின் வாக்கு அரை சதவீதத்துக்கும் கீழே போனது. இரண்டரை ஆண்டு கழித்து அவரே பொதுச்செயலாளர். வாக்கு விகிதமாவது தலைமையைக் காக்கிறது என்று பா.ம.க.வை வைத்துச் சொன்னேன், தே.மு.தி.க.வில் அதுவும் போன பிறகும் தலைமை அசையவில்லை. காப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று ஒருவர் துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே ஆள் உண்டு. பண்ருட்டியில் 2001-இலும் 2006-இலும் பா.ம.க. சார்பில் வென்றவர் தி. வேல்முருகன். 2011-இல் நெய்வேலியில் தோற்றார். அந்தத் தேர்தலின் சரிவுக்குப் பிறகு கட்சித் தலைமையோடு முரண்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். 2012 தொடக்கத்தில் தமிழக வாழ்வுரிமைக் கட்சி பிறந்தது. அதன் தலைவர் அவரே, இன்றும் அவரே. 2016-இல் நெய்வேலியில் மீண்டும் தோற்றார், 2021-இல் தி.மு.க. அணியில் உதயசூரியன் சின்னத்தில் பண்ருட்டியில் வென்றார். கட்சிக்குள் கேட்க முடியாத கேள்வி வெளியே போய் இன்னொரு கட்சியாகிறது. அந்தக் கட்சியும் நிறுவனரைச் சுற்றியே கட்டப்படுகிறது. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல், ஓர் அமைப்பு சீர்கெடும்போது உள்ளிருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. வெளியேறுவது எளிதாக இருந்தால் குரல் தேய்ந்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. கடலூர் மாவட்டத்தில் வெளியேறுவதைப் போல எளிது வேறில்லை. 1991-இல் பா.ம.க.வின் ஒரே எம்.எல்.ஏ.வாகப் பண்ருட்டியில் வென்ற பண்ருட்டி ராமச்சந்திரன் அதற்கு முன் தி.மு.க., அ.தி.மு.க.; பின்னர் தே.மு.தி.க., மறுபடி அ.தி.மு.க. அவருடைய அறிவையும் அனுபவத்தையும் எல்லாக் கட்சிகளும் மதித்தன, எந்தக் கட்சியும் அவரைத் தலைவருக்கு மாற்றாக நினைத்ததில்லை.

தலைமைக்கு இருக்கும் இன்னொரு காப்பு காகிதத்தில் இருக்கிறது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளில் பகல் 3 மணிக்குள் ஏ படிவமும் பி படிவமும் தேர்தல் அதிகாரியின் மேசைக்கு வந்தாக வேண்டும். ஏ படிவம், கட்சியின் சார்பில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று சொல்வது. பி படிவம், இன்ன தொகுதிக்கு இன்னார் எங்கள் வேட்பாளர் என்று சொல்வது. கையெழுத்து மையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே வேட்பாளர் எவ்வளவு கூட்டத்தோடு வந்தாலும், அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அவர் சுயேச்சைதான். மாவட்டச் செயலாளரை நியமிப்பதும் நீக்குவதும் தலைமை. பி படிவம் தருவதும் தலைமை. பொதுக்குழுவில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் அந்த நியமனத்தால் வந்தவர்கள். சட்டம் இதில் தலையிடுவதில்லை. கட்சிகளைப் பதிவு செய்யும் அதிகாரம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற மிகச் சில காரணங்கள் தவிரப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சித் தேர்தல் நடந்ததாக ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும்.

இந்த மண்ணில் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் நடந்தது. அது தோல்வியின் கதை அல்ல, வெற்றியின் கதை. கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, 1952-இன் முதல் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 19 இடங்களையும் நாடாளுமன்றத்தில் 4 இடங்களையும் பிடித்தது. வடாற்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்கள். காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லாத சட்டமன்றம் அது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். 1954-இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார், உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது. தொடங்கி மூன்றே ஆண்டுகளில் வெற்றி ஒரு கட்சியை முடித்து வைத்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2019-இல் அரசு திறந்த மணிமண்டபத்தில் படையாட்சியாருக்குச் சிலை இருக்கிறது, கட்சிக்கு ஒரு செங்கல்லும் இல்லை. 1987-இல் வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த ஒரு வார காலச் சாலை மறியலையும் அதில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களையும் மூலதனமாகக் கொண்டு எழுந்த பா.ம.க.வின் முதல் தலைமுறை இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தது. கரைந்துபோகக் கூடாது, கட்சி கையை விட்டுப் போகக் கூடாது. அந்தப் பயத்துக்கு வரலாற்று நியாயம் இருக்கிறது. தலைமையை அசைக்காமல் வைத்திருப்பதற்கு அடித்தட்டுத் தொண்டர் ஒத்துப்போவதில் அந்த நியாயமும் சேர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனி மறுப்புகள். வலுவான மறுப்பு இது: தோற்ற தலைவரை வைத்துக்கொண்ட கட்சிகள் பிழைத்திருக்கின்றன. 1991-இல் தி.மு.க. வென்றது இரண்டே இடம், கருணாநிதி தொடர்ந்தார், 1996-இல் ஆட்சிக்கு வந்தார். அந்த 1996-இல் அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம், ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார்; 2001-இல் மீண்டும் முதல்வர். திருமாவளவன் 2014-இலும் 2016-இலும் தோற்றதால் விலகியிருந்தால், 2024-இல் பானைச் சின்னத்தில் இரண்டு எம்.பி.க்களும் அதன் பின் மாநிலக் கட்சி அங்கீகாரமும் வந்திருக்குமா? இதற்கு நேர்மையான பதில், வந்திருக்காது என்பதுதான். அந்தக் கட்சியில் அவருக்கு நிகரான பேச்சாளரோ கூட்டணி மேசையில் உட்காரத் தக்கவரோ இல்லை. ஆனால், மீண்டவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு இது. தே.மு.தி.க. மீளவில்லை. மேலும், தலைவரை மாற்ற வேண்டும் என்பதல்ல என் வாதம். மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் ஒரு முடிவாக இருக்க வேண்டும். இங்கே அது முடிவாகவே வருவதில்லை. கருணாநிதிக்கு 1993-இல் வைகோ என்ற நெருக்கடி வந்தது, வைகோ தன் சொந்தச் செல்வாக்கோடு மாநிலங்களவையில் இருந்தவர். சவால் விடுபவருக்குச் சொந்தமாக ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதை அதுவும் காட்டுகிறது, சவால் பிளவாகத்தான் முடியும் என்பதையும் காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு வெளியிலிருந்து வரலாம். 1993-இல் கனடாவில் ஆட்சியிலிருந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. பிரதமர் கிம் கேம்பெல் தன் தொகுதியையும் இழந்து சில வாரங்களில் விலகினார். பூஜ்ஜியத்துக்கு அருகே போன கட்சியில் தலைவர் விலகத்தானே செய்தார்? உண்மை. ஆனால் கனடாவில் தலைமையைத் தேர்ந்தெடுப்பதும் மறுபரிசீலனை செய்வதும் கட்சி மாநாட்டின் வேலை என்பது வெகுநாளாக ஊறிய நடைமுறை. தோற்ற பிறகும் மிஞ்சி நிற்கும் அவை ஒன்று அங்கே இருந்தது. அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை அருகிலேயே இருக்கிறது. ரணில் விக்கிரமசிங்க 1994 முதல் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர். அவரை எதிர்த்தவர்கள் சஜித் பிரேமதாசவோடு 2020-இல் வெளியேறினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. தேசியப் பட்டியலில் ஒரே ஓர் இடம். ஏறத்தாழ பத்து மாதம் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் 2021-இல் அவரே போய் உட்கார்ந்தார். 2022 ஜூலையில் நாட்டின் ஜனாதிபதி. எதிர்ப்பவர்கள் எல்லாரும் வெளியேறிய பின் மிஞ்சிய ஒரே நாற்காலியும் தலைவருக்கே. கட்சி ஒன்றுமில்லாமல் ஆனதுதான் அவருக்குப் பத்திரம்.

அப்படியானால் உள்ளே வாக்கெடுப்பு வைத்தால் சிறு கட்சிகள் உடைந்துபோகும், அவற்றால் அது தாங்காது என்று சொல்லப்படுவதுண்டு. 2024 ஜனவரியில் இலங்கைத் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடத்தியது. சுமந்திரனை சிறீதரன் வென்றார். சில வாரங்களில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய் மாநாடே நின்றது. பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கட்சி 8 உறுப்பினர்களோடு நாடாளுமன்றம் சென்றது, தோற்றவரும் வென்றவரும் ஒரே கொடியின் கீழ் தேர்தலைச் சந்தித்தார்கள். சிதம்பரத்துக்கு வந்தால், கே. பாலகிருஷ்ணன் 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் மாநிலச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகி பெ. சண்முகம் பொறுப்பேற்றார். தோல்விக்காக அல்ல, வயது வரம்பு விதிக்காக. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநாடுகளில் மேலிருந்து வரும் பட்டியலே நிறைவேறும் என்ற விமர்சனம் சரிதான். அங்கேயும் தோல்விக்காக யாரும் பதவி இழப்பதில்லை. இருந்தாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அறிக்கை வைக்கப்படுகிறது, எந்தக் கூட்டணி என்ன தந்தது என்று அதில் எழுதியாக வேண்டும், பிரதிநிதிகள் எழுந்து திருத்தம் சொல்லலாம். கூட்டணி அதிகாரத்தைத் தலைவருக்கு வழங்கும் தீர்மானத்தில், வாக்கு எண்ணி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம் பற்றிப் பொதுக்குழுவில் அறிக்கை வைக்கப்படும் என்று இன்னொரு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. தலைவர் நியமித்த பொதுக்குழுதான் அதைக் கேட்கும் என்பது தெரிந்ததே. எழுதி வைத்த கணக்கு என்று ஒன்று இருந்தால், அடுத்த தேர்தலில் ஒப்பிட்டுப் பார்க்கவாவது முடியும்.

அந்த வரி இல்லாததன் விளைவைப் பா.ம.க. தானே காட்டியது. 2019-இல் அ.தி.மு.க.வோடு போட்ட உடன்பாட்டில் 7 மக்களவை இடங்களோடு ஒரு மாநிலங்களவை இடமும் எழுதி வாங்கப்பட்டிருந்தது. ஏழும் போயின, கடலூரில் கோவிந்தசாமி தோற்றார், தர்மபுரியில் அன்புமணியே தோற்றார். ஜூலையில் அன்புமணி மாநிலங்களவைக்குப் போட்டியின்றிப் போனார். 2024-இல் பா.ஜ.க. அணியில் 10 இடங்கள், பத்தும் தோல்வி. கடலூரில் இயக்குநர் தங்கர் பச்சான் காங்கிரசின் விஷ்ணு பிரசாத்திடம் தோற்றார். அதற்குப் பிறகு கட்சியில் வெடித்த சண்டை தோல்வியைப் பற்றியதல்ல. 2024 டிசம்பர் 28 அன்று பட்டானூர்ப் பொதுக்குழு மேடையில் நிறுவனர் ராமதாஸும் அவர் மகன் அன்புமணியும் மோதிக்கொண்டது இளைஞர் சங்கத் தலைவராக யாரை நியமிப்பது என்பதற்காக. 2025 ஏப்ரலில் ராமதாஸ் தானே தலைவர் என்று அறிவித்தார். செப்டம்பரில் மகனைக் கட்சியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். இரு தரப்பும் தனித்தனிப் பொதுக்குழு நடத்தின, எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள், தலைவர் யார் என்ற வழக்கு தேர்தல் ஆணையத்துக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. அந்தச் சண்டைக்கு நடுவே, 2025 மே மாத இறுதியில் தைலாபுரம் தோட்டத்தில் செய்தியாளர்களிடம் ராமதாஸ் ஒன்றைச் சொன்னார்: 2024-இல் தன் விருப்பம் அ.தி.மு.க. கூட்டணி, பா.ஜ.க.வோடு போக வேண்டும் என்று வற்புறுத்தியது அன்புமணி தரப்பு. அது அவர் பக்கத்துக் கூற்று. தோற்று ஓராண்டு ஆகிவிட்டிருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்தக் கூட்டணிக்காக வெயிலில் அலைந்து வாக்குக் கேட்டவர்கள், அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை அன்று மாலைத் தொலைக்காட்சியில்தான் கேட்டார்கள்.